லிகோரி அடுப்புக்கு வந்த லத்தீன் வார்த்தை

இதை எனக்கு முதலில் சொன்னது பிரகாசி அக்காள்தான். என் இளைய மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன வருஷம், பெரிய வியாழனுக்கு முந்தின நாள், கோயில் பீடத்துணிகளை நாங்கள் இரண்டு பேரும் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, காற்று தூக்கிக்கொண்டு போய்விடாமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொன்னாள். அவள் இருக்கிற தெருவுக்கு நாங்கள் அப்போதுதான் குடி வந்திருந்தோம். பிறகு கிளாடிஸ் டீச்சர் வாயாலும் கேட்டேன், கறிக்கடை இக்பால் பாய் வாயாலும் கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒத்துத்தான் இருந்தது. பாய் சொன்னதில் மட்டும் பூனைகள் கொஞ்சம் கூடுதல்.

பிரகாசி அக்காளின் வீட்டுக்காரர் லிகோரி மச்சாடு, தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற எங்கள் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் அடுப்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இடுப்பு உயரத்தில் வாய் விட்டுக் கட்டிய பெரிய அடுப்பு. உள்ளே ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். உடைமர விறகு போட்டு எரித்து, கங்குகளை ஓரமாக ஒதுக்கி, நீளமான மரத் துடுப்பில் பன்னையும் பொறை ரொட்டியையும் வைத்து உள்ளே தள்ளுவார். காலை பூசை முடிந்து வருகிறவர்களுக்கு அந்த வாசனைதான் இரண்டாவது மணி.

அந்த அடுப்புக்குக் கோயிலோடும் ஒரு பந்தம் இருந்தது. போன வருஷத்துக் குருத்து ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை எங்கள் சனங்கள் சிலுவையாக முடைந்து நிலைக்கு மேலே செருகி வைத்திருப்பார்கள் அல்லவா, அதையெல்லாம் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் வீடு வீடாக வாங்கி, லிகோரி அடுப்பில் போட்டு எரித்துச் சாம்பல் எடுப்பார், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை சந்தியாகு. அதேபோல, விடிந்தால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் என்கிற பெரிய சனிக்கிழமை சாயங்காலம் ஒரு இரும்புச் சட்டியோடு வந்து, அதே அடுப்பிலிருந்து கங்கு அள்ளிக்கொண்டு போய்த்தான் கோயில் வாசலில் புதுத் தீ வளர்ப்பார். சாம்பலும் இங்கேயிருந்து, தீயும் இங்கேயிருந்து. நாற்பது நாள் தபசுக்காலம் இந்த அடுப்பில் தொடங்கி இந்த அடுப்பில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாங்கள் குடி வருவதற்கு முந்தி ஒரு வருஷம், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சந்தியாகு இரண்டு சாக்கு நிறைய ஓலைச் சிலுவைகளைக் கொண்டுவந்து அடுப்பில் கொட்டினார். தீ நன்றாகத்தான் எரிந்தது. மஞ்சளும் செம்மையுமாக ஓலைகளின் மேல் ஏறிப் படர்ந்தது, புரட்டிப் புரட்டிப் பார்த்தது, இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து வந்தது. சாம்பல்தான் விழவில்லை. சந்தியாகு கம்பியை விட்டு ஒரு சிலுவையை வெளியே இழுத்தார். ஒரு வருஷம் புகையிலும் வெயிலிலும் கிடந்து காய்ந்து பழுத்த ஓலை, அப்போதுதான் மரத்திலிருந்து வெட்டியதுபோலப் பச்சையாக, ஈரமாக, பளபளவென்று வந்தது.

"என்னவே இது லிகோரி, ஓலையைப் போட்டா கீரையா வருது?" என்றார் சந்தியாகு.

லிகோரி அடுப்புக்கு அருகே போனார். கையை மெல்ல அடுப்பு வாயில் நீட்டினார், இழுத்தார், மறுபடி நீட்டினார், முழங்கை வரைக்கும் விட்டார். தீ வந்து அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டு, மாவு ஒட்டியிருந்த நகக்கண்களையெல்லாம் துழாவித் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் தலை வைத்துக்கொண்டது. அவர் அப்படியே நின்றார். பிரகாசி அக்காள் பார்த்து அலறப் போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாளாம். "அப்படி ஒரு முகத்தை அந்த மனுசங்கிட்ட நான் பாத்து ரொம்ப வருசமாச்சு தங்கச்சி, எங்க மக ஜெசிந்தா பிறந்தன்னிக்குப் பாத்தது" என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் நெற்றியில் பூசப் பக்கத்துப் பங்குக்கு ஆள் அனுப்பி ஒரு கிண்ணம் சாம்பல் இரவல் வாங்க வேண்டியதாயிற்று. அடுப்பில் வைத்த பன் எல்லாம் வெந்து வராமல், குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளைகள் மாதிரி மினுமினுவென்று பச்சை மாவாகவே திரும்பி வந்தது. விறகை மாற்றிப் பார்த்தார்கள்; ஈர விறகு, காய்ந்த விறகு, தேங்காய் மட்டை, மண்ணெண்ணெய் கூட ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாவற்றின் மேலும் தீ படர்ந்தது, எதையும் தின்னவில்லை.

"தீயும் தபசு இருக்குவே. சுத்த சைவமாயிட்டு" என்றார் எதிர்ச் சாரிக் கறிக்கடையிலிருந்து இக்பால் பாய். "எங்களுக்கு நோன்புல சாயந்தரமாவது உண்டு. உம்ம தீ அதுக்கும் மேல."

சனங்கள் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. நல்லதுக்குப் பழகுவது எங்கள் ஆட்களுக்குச் சுலபம்தான். முதலில் பூனைகள் பழகின. கங்குக்குள் சுருண்டு படுத்துத் தூங்கின, தீ அவற்றின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று அவர்கள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும், தெரியுமா? வேலை முடிந்து வருகிற வழியில் மாவு மூட்டை மேல் வரிசையாக உட்கார்ந்து, புடவையைக் கரண்டைக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, கால்களை அடுப்புக்குள் நீட்டுவார்கள்; தீ ஒவ்வொரு வெடிப்பாக, ஒவ்வொரு வெடிப்பாக, அவசரமில்லாமல் தடவிக்கொடுக்கும், அவர்கள் கண் சொக்கிப்போய் ஊர்க்கதை பேசுவார்கள். வயிறு உப்பி அழுகிற பிள்ளைகளைத் தாய்மார் கொண்டுவந்து அடுப்பு வாயில் கிடத்துவார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருத்தர் விசாரிக்க வந்தார். ஆயுசெல்லாம் தீயோடு மல்லுக்கட்டின மனுஷர். தயங்கித் தயங்கிக் கையை நீட்டியவர், கொஞ்ச நேரம் கழித்து, "இவன் நம்ம ஆளு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பங்குச் சாமியாரும் வந்தார். அங்கியின் ஓரத்தைத் தீயில் காட்டிப் பார்த்தார், கருகவில்லை. சனங்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்தார்கள்.

"நல்லா கேட்டுக்கோங்க. புதுமை, அற்புதம்னு மட்டும் ஒருத்தரும் வாயைத் தெறக்கப்படாது. அதை ஆயர் சொல்லணும், அவருக்கு மேல ரோமாபுரி சொல்லணும்" என்றார்.

"அப்ப ரோமாபுரி சொல்லுத வரைக்கும் இதை என்னன்னு கூப்பிட, சாமி?" என்று கேட்டார் இக்பால் பாய். "பேரில்லாத பிள்ளையை எத்தனை நாளைக்கு வச்சிருக்க?"

அப்போதுதான், பன் இல்லை என்று தெரிந்தும் வழக்கத்தை விடாமல் தினமும் பையோடு வந்து நிற்கிற கிளாடிஸ் டீச்சர் வாயைத் திறந்தார். "பேரு ரோமாபுரியிலேயே இருக்கு பாய். ரொம்பக் காலமா இருக்கு."

கிளாடிஸ் டீச்சரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இளவயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து லத்தீன் படித்தவர். தாயார் படுக்கையில் விழுந்ததும் மடத்தை விட்டு வந்து, அந்தத் தாயைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தினவர். நான் எட்டாவதோடு நின்றவள், படித்தவர்களிடம் பேசக் கூச்சப்படுவேன். டீச்சரிடம் மட்டும் அந்தக் கூச்சம் வந்ததில்லை. ஒரு விஷயத்தை நமக்குச் சொல்லும்போது அப்போதுதான் தானும் கண்டுபிடித்ததுபோல அவர் முகம் மலரும். தனக்குத் தெரிந்ததை மேலேயிருந்து போடமாட்டார். பிள்ளைக்குப் பலகாரம் நீட்டுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்.

"லேம்பண்ட்" என்றார் டீச்சர். "இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தை இருக்கு. யாரும் அதிகம் எடுக்கிறதில்லை."

"அரிக்கேன் லாம்பு மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"இல்லம்மா, பார்க்கத்தான் அப்படி. அந்த லாம்பு கிரேக்கு வீட்டுப் பிள்ளை, இது லத்தீன் வீட்டுப் பிள்ளை. லத்தீன்ல லாம்பெரே-ன்னா நக்குறது. நாக்கால நக்குறது. தீக்கு நாக்கு உண்டுன்னு நாமளும் சொல்லுவோம், அவங்களும் சொன்னாங்க. ஆனா ஒரு பொருள் மேல படர்ந்து விளையாடி, அதைச் சுடாம, பொசுக்காம, சும்மா நக்கிட்டுப் போற தீ இருக்கு பாருங்க, அதுக்குன்னே தனியா இந்த வார்த்தையை எடுத்து வச்சாங்க. எத்தனையோ வருஷம் பாடம் நடத்தினேன், இதை நேருக்கு நேராச் சொல்லிக் காட்ட எனக்கு ஒரு இடம் கிடைக்கல." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தார். "இப்பக் கிடைச்சிருக்கு."

"மாடு கன்னு போட்டதும் நக்குமே, அந்த நக்கா டீச்சர்?" என்று கேட்டாள் பால்காரி இசக்கியம்மா.

"அதேதான் இசக்கி. அதைவிடப் பொருத்தமா யாராலயும் சொல்ல முடியாது."

"அது ஒரு கணக்குத்தான் டீச்சர். கன்னு எந்திச்சு நிக்கிற வரைக்கும் நக்கும். நின்னுட்டா விட்டுரும்" என்று இசக்கியம்மா சொல்லிவிட்டுப் பால் குவளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதை அப்போது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் புது வார்த்தையை வாயில் போட்டுப் பார்க்கிற ஆசை. லேம்பண்ட் என்று டீச்சர் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் லாம்பெண்டு என்று ஆகி, தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது.

வார்த்தையும் ஒரு பிள்ளை மாதிரிதான் போலிருக்கிறது, கால் முளைத்துவிட்டால் வாசலோடு நிற்காது. முதலில் லாம்பெண்டு அடுப்பு என்றார்கள். கொஞ்ச நாளில் உப்பளத்துப் பெண்கள், "இன்னிக்கு அந்தி வெயில் உப்புக் குமி மேல லாம்பெண்டா கெடந்துச்சு பாத்தியா?" என்று பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம், பிறந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கிழவர், "கண்ணு ரெண்டும் லாம்பெண்டு" என்றார். இக்பால் பாய் தெருவில் போகிற யாரையும் கேலி செய்யாமல் விடமாட்டார், ஆனால் அவர் கேலியில் யாரும் மனம் நொந்து போனதில்லை. அதற்கும் லாம்பெண்டு கேலி என்றே பேர் வந்துவிட்டது. மாமியார் மருமகள் சண்டையில்கூட, "ஏச்சு ஏசுனா லாம்பெண்டா ஏசணும், இப்படிப் பொசுக்கப்படாது" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாளாம்.

தப்பாகச் சொல்லி டீச்சர் மனசு வருத்தப்படுமோ என்று பிரகாசி அக்காள் ஒருநாள் பயந்து கேட்டபோது, டீச்சருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்ததாம். "தப்பே இல்ல பிரகாசி. இங்கிலீஷ்காரங்களும் முதல்ல தீக்குச் சொன்னாங்க, பிறகு மெல்லிசான வெளிச்சத்துக்குச் சொன்னாங்க, கண்ணுக்குச் சொன்னாங்க, கடைசியில நோகடிக்காத கேலிப் பேச்சுக்குச் சொன்னாங்க. அந்த வார்த்தை நடந்துபோன பாதையிலேயே நம்ம தெருவும் போயிருக்கு. அவங்களுக்குச் சில நூறு வருஷம் ஆச்சு, நமக்கு ஒரு தபசுக்காலம்."

தெருவெல்லாம் இப்படிக் குளிர்ந்து கிடக்க, அடுப்புக்குச் சொந்தக்கார வீட்டில் மட்டும் சோற்றுக்கு வழியில்லை. ஊருக்கெல்லாம் இதமாக இருக்கிற தீ, ஒரு பன்னைச் சுட்டுத்தர மாட்டேன் என்றால் ரொட்டிக்காரன் என்ன செய்வான்? பிரகாசி அக்காள் இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போனாள். லிகோரியின் தமையன் பெர்க்மான்ஸ் வந்தார். அந்த இடத்தில் பாதி அவருக்குச் சொந்தம்.

"லிகோரி, பாஸ்கு வரைக்கும் பாப்பேன். பாஸ்கு கழிஞ்ச திங்கக்கிழமை கடப்பாரையோட வருவேன். அடுப்பை இடிச்சிட்டுச் செல்போன் கடைக்கு விட்டுருவோம்."

"சரிண்ணே" என்றார் லிகோரி.

பிரகாசி அக்காளுக்கு வந்ததே கோபம். தமையன் தலை மறைந்ததும், "சரியா? என்ன சரி? மனுசனா நீரு? மருந்துக்காவது அந்தத் தீகிட்ட எரின்னு ஒரு வார்த்தை சொன்னீரா? காலையில எந்திச்சு அதுக்கு முன்னால உக்காந்து கைய நக்கக் குடுத்துட்டு இருக்கீரே, வேற என்ன செஞ்சீரு?" என்று கத்தினாள்.

லிகோரி அடுப்பு வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இது யாரையும் சுடாது பிரகாசி. எனக்கு இது போதும்."

பிரகாசி அக்காள் சண்டையை அதோடு விட்டுவிட்டாள். ஏனென்றால் அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் மகள் ஜெசிந்தா, நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, வேலை மும்முரத்தில் லிகோரி அடுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆட்களுக்குப் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, முக்காலி மேல் ஏறித் துடுப்பைப் பிடிக்க எட்டி, இடது கையைக் கங்கில் ஊன்றிவிட்டாள். உயிர் பிழைத்தது ஆண்டவர் கிருபை. கை தோல் சுருங்கி, இரண்டு விரல் ஒட்டியபடியே ஆறியது. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் சண்டை போட்டதும் இல்லை, அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தினமும் முதல் ஈட்டில் வருகிற முதல் பன்னை லிகோரி ஒரு தட்டில் வைத்து அவளுக்கு அனுப்புவார். அவள் "ஆறட்டும்" என்பாள். ஆறின பிறகுதான் தின்பாள். பெரிய பெண்ணாகி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போன பிறகும், அடுப்பைத் தாண்டாமல் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் வருவாள், இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு.

தெரு முழுக்க அந்த அடுப்பில் கை வைத்தாயிற்று. அவள் ஒருத்திதான் வைக்கவில்லை. "ஏட்டி ஜெசிந்தா, ஊருக்கெல்லாம் நல்லது செய்யுது, நீ ஒருக்க கையக் காட்டினாத்தான் என்ன?" என்று உப்பளத்துப் பெண்கள் ஆசையாகத்தான் கேட்டார்கள்.

"எல்லாருகிட்டயும் நல்லவன் மாதிரி நடந்துக்கிடுது சித்தி" என்றாள் ஜெசிந்தா. "சுட்டது என்னைய. நக்குறது உங்களைய."

பெண்கள் தங்கள் வழியைப் பார்த்துப் போனார்கள். நியாயம் அவள் பக்கம் இருந்தது. நானாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன்.

பெரிய வாரத்தில் கிளாடிஸ் டீச்சர் பாட்டுத்தாள் நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடையில் வேறு ஆள் இல்லை. ஜெசிந்தா தாளை வைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாளாம்: "டீச்சர், உங்க வார்த்தைக்கு எதிர்ப்பதம் என்ன?"

டீச்சர் யோசித்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பழக்கமில்லாதவர். "தெரியலம்மா. சுடுற தீக்குன்னு தனிப் பேர் வேண்டாம்னு விட்டுட்டாங்க போல. ஒண்ணு மட்டும் நான் கவனிச்சிருக்கேன். சும்மா கிடக்கிற குளத்துத் தண்ணியை யாரும் லேம்பண்ட்னு சொல்லி நான் படிச்சதில்லை. தீயைச் சொன்னாங்க, கண்ணைச் சொன்னாங்க, கேலியைச் சொன்னாங்க. நினைச்சாச் சுடக்கூடியதா பாத்துத்தான் சொல்லியிருக்காங்க."

மிஷினின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடி மறைந்தது. ஜெசிந்தா தாள்களை அடுக்கிக் கொடுத்தாள். "இசக்கி அத்தை அன்னிக்கு ஏதோ சொன்னாங்களாமே, மாட்டைப் பத்தி?" என்றாள்.

"ஆமாம்மா. கன்னு எந்திச்சு நிக்கிற வரைக்கும் நக்குமாம்" என்றார் டீச்சர். அவ்வளவுதான் பேச்சு. புத்தி சொல்லவில்லை, மன்னிப்பு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. பாட்டுத்தாளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷியின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. தாயாகப்பட்ட நானெல்லாம் அந்த இடத்தில் பிரசங்கமே வைத்திருப்பேன்.

பெரிய சனிக்கிழமை வந்தது. வெயில் தாழ்ந்ததும் சந்தியாகு வழக்கம்போல இரும்புச் சட்டியோடு வந்து அடுப்பில் கங்கு அள்ளினார். அள்ளின கங்கு சட்டியில் பூனைக்குட்டி மாதிரி நெளிந்து அவர் கட்டைவிரலை நக்கியது. ஒரு துண்டுத் தாளை வைத்துப் பார்த்தார், பற்றவில்லை.

"இதை வச்சுப் பாஸ்கா மெழுகுதிரியைக் கொளுத்தினா, திரி சிரிக்கும்வே, எரியாது" என்றார் சந்தியாகு. "சாமியார் இந்த வருசம் தீப்பெட்டி எடுத்துக்கிடலாம்ங்கிறாவ. எனக்குத்தான் மனசு கேக்கல."

பிரகாசி அக்காள் இறால் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து, கையில் உப்பு அரித்த புண்ணோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் பாஸ்கு, தெருவில் ஒரு வீட்டுக்கும் பன் இல்லை. அதற்கு மறுநாள் கடப்பாரை. லிகோரி, ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்தும், கை சும்மா இருக்க மாட்டாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சந்து வழியாக வரவேண்டிய ஜெசிந்தா, கடை வழியாக வந்தாள். கடையைத் தாண்டினாள். அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். துப்பட்டாவைப் பிரித்து இடது கையை வெளியே எடுத்தாள்.

உள்ளே நீட்டினாள். ஊரில் எல்லாருடைய கையையும் காலையும் ஓடி ஓடி நக்கின தீ, அந்தக் கையைக் கண்டதும் பின்வாங்கியது. அடுப்பின் கடைசிச் சுவர் வரைக்கும் போய், செய்யக்கூடாததைச் செய்துவிட்ட நாய் மூலையில் ஒண்டுமே, அப்படி ஒண்டிக்கொண்டது. அடுப்புக்குள் இருட்டிப்போயிற்று. பூனைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. லிகோரி மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டார். அவரும் அந்தத் தீயும் அந்த நேரத்தில் ஒரே மாதிரி ஒண்டிக்கொண்டு நின்றார்கள் என்று பிரகாசி அக்காள் சொல்வாள்.

ஜெசிந்தா கையை எடுக்கவில்லை. காத்திருந்தாள். பிறகு, "வா" என்றாள்.

தீ வந்தது. தரையோடு தரையாக, தயங்கித் தயங்கி வந்து, முதலில் ஒரு விரல் நுனியைத் தொட்டது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சுருங்கின தோலின் மேல் ஏறி, ஒட்டின விரல்களுக்கு நடுவில், மணிக்கட்டின் உள்பக்கம், வடு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம், வேறு எங்கும் இல்லாமல் அங்கே மட்டும், நக்கிக்கொண்டே இருந்தது. வடு போய்விடவில்லை, ஒட்டின விரல் பிரிந்துவிடவும் இல்லை. இன்றைக்கும் போனால் அந்தக் கையைப் பார்க்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த சந்தியாகு, தன்னையறியாமல் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நின்றுவிட்டார்.

"போதும்" என்றாள் ஜெசிந்தா. "நான் எந்திச்சு நின்னு ரொம்ப நாளாச்சு."

அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டு மாவு மூட்டையோடு மூட்டையாகத் தரையில் உட்கார்ந்து, முகத்தை மாவுக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது லிகோரிதான்.

அவள் கையை வெளியே எடுத்தாள். ஓரமாகக் கிடந்த உடைமர விறகில் ஒரு கட்டையைத் தன் இடது கையாலேயே தூக்கி, அடுப்புக்குள் வைத்தாள். "இனி எரி. ஊரு பசியா கெடக்கு."

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு படீரென்று ஒரு கட்டை வெடித்தது. பூனைகள் எல்லாம், இக்பால் பாய் கணக்கில் ஒரு பட்டாளம், வாலை விறைத்துக்கொண்டு அடுப்பு வாய் வழியாகப் பாய்ந்து தெருவுக்கு ஓடின. நெருப்பு திகுதிகுவென்று எழும்பிக் கூரையை முட்டியது, அனல் முகத்தில் அறைந்தது. அழுதுகொண்டிருந்த லிகோரி துள்ளி எழுந்து, மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினார்:

"சுடும்மா! தள்ளி நில்லு! சுடும்!"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார் அவர். கத்தல் கேட்டு ஓடிவந்த இக்பால் பாய் அதைக் காதால் கேட்டவர்தான். உலகத்திலேயே லாம்பெண்டான கேலி அதுதான், தன்னுடையதெல்லாம் அதற்குப் பிறகு என்று இன்றைக்கும் சொல்வார்.

சந்தியாகு சட்டி நிறையக் கங்கு அள்ளிக்கொண்டு, சூடு தாங்காமல் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையைச் சுமக்கிறவர் மாதிரி கோயிலுக்கு நடந்தார். அன்றைக்குப் புதுத் தீயும் பாஸ்கா திரியும் குறையில்லாமல் எரிந்தன. விடிந்ததும் தெருவெல்லாம் பன் வாசனை. முதல் ஈட்டில் வந்த முதல் பன்னை லிகோரி தட்டில் வைத்து நீட்டினார். ஜெசிந்தா ஆறட்டும் என்று சொல்லவில்லை. ஊதி ஊதி, ஆவி பறக்கப் பறக்கத் தின்றாள். பச்சையாகிப்போன ஓலைச் சிலுவைகள் நாளாவட்டத்தில் முறையாகக் காய்ந்து, மறு வருஷம் ஒழுங்காகச் சாம்பலாயின. திங்கட்கிழமை சொன்னபடி கடப்பாரையோடு வந்த பெர்க்மான்ஸ், நாலு பன்னைத் தின்றுவிட்டு, கடப்பாரையை அடுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அது அங்கேயேதான் இருக்கிறது. இப்போது துடுப்பு பிடிப்பது ஜெசிந்தா. துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருப்பாள்.

வார்த்தையும் தெருவை விட்டுப் போகவில்லை. தீதான் தன் வேலைக்குத் திரும்பிவிட்டதே என்று யாரும் அதை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. டீச்சருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வாசலில் உட்கார்ந்திருப்பார், போகிற வருகிற பிள்ளைகள் அந்தி வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகும், அவர் முகம் அப்படியே மலரும். என் மகன் மஸ்கட்டிலிருந்து பேசும்போது குரல் இதமாக இருந்தால், நானும் எனக்குள் சொல்லிக்கொள்வேன், லாம்பெண்டு என்று. மாதாவுக்கு லத்தீன் தெரியும், புரிந்துகொள்வாள்.

பேச்சு சுவாரசியத்தில் பாலை மறந்துவிட்டேன், பாருங்கள், பொங்கப் போகிறது. இறக்க வேண்டும், சட்டி கொதிக்கிற சூடு. உங்கள் பக்கத்தில்தான் கிடக்கிறது, அந்தக் கரித்துணியைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள்.